கிணற்று சிமெண்டிங்கில் நீரிழப்பைக் குறைப்பது எப்படி? புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு

எண்ணெய், எரிவாயுக் கிணறுகளின் சிமெண்டிங் பிரிவில் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்கள் காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு: "ஃப்ளூயிட் லாஸ் (நீரிழப்பு) எவ்வளவு வந்தது?" யாராவது 48 என்பார்கள், 90 என்பார்கள், 250 என்பார்கள். அந்த எண் எங்கிருந்து வருகிறது, எந்தக் கிணற்றுக்கு எவ்வளவு இருக்கலாம், கூடிப்போனால் எங்கே கை வைப்பது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். லேபில் ஸ்லரி (சிமெண்டும் தண்ணீரும் சேர்ந்த கூழ்) கலக்கப்போகிறவருக்கும் ரிக்கில் பம்ப் அருகே நிற்கப்போகிறவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். காவிரிப் படுகையில் நரிமணம் பக்கம் வேலை பார்த்தாலும், அஸ்ஸாமில் பார்த்தாலும், வளைகுடா நாடுகளில் பார்த்தாலும் அடிப்படை ஒன்றுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீரிழப்பு எண் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்று நினைத்துக்கொண்டு அடிட்டிவை (ஸ்லரியில் சேர்க்கும் துணைப்பொருளை) கொட்டக்கூடாது. எவ்வளவு வேண்டும் என்று சொல்ல வேண்டியது கிணறு. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் இந்த வேலையில் பாதி.

நீரிழப்பு என்றால் என்ன?

துளையிட்ட கிணற்றுக்குள் கேசிங் என்ற எஃகுக் குழாயை இறக்குகிறோம். அதற்கும் பாறைச் சுவருக்கும் நடுவே இருக்கும் வளையம் போன்ற இடைவெளியை ஆனுலஸ் என்போம். சிமெண்டையும் தண்ணீரையும் கலந்த ஸ்லரியை கேசிங்கின் உள்ளே பம்ப் செய்தால், அது அடிவழியாக வெளியே வந்து ஆனுலஸில் மேலே ஏறி நின்று இறுகும். 1903இல் கலிபோர்னியாவின் லோம்போக் வயலில் ஃபிராங்க் ஹில் 50 மூட்டை சிமெண்டைக் கலந்து கிணற்றில் இறக்கி, 28 நாள் காத்திருந்து, உள்ளே வந்துகொண்டிருந்த தண்ணீரை அடைத்தார். அன்றைக்கும் இன்றைக்கும் சிமெண்டின் வேலை ஒன்றேதான். கீழே இருக்கும் எரிவாயுவும் உப்புநீரும் மேலேயுள்ள அடுக்குகளுக்கு, முக்கியமாக நன்னீர் அடுக்குகளுக்கு, ஏறி வராமல் தடுக்க வேண்டும்.

ஸ்லரி மணற்பாறையைக் கடக்கும்போது, அதன் அழுத்தம் பாறைக்குள் இருக்கும் அழுத்தத்தைவிட அதிகம். பாறையில் நுண்துளைகள் உண்டு. தேங்காய்த் துருவலைத் துணியில் போட்டுப் பிழிந்தால் பால் வெளியே வந்து சக்கை துணியில் தங்குவதுபோல, தண்ணீர் பாறைக்குள் போய்விடும், சிமெண்ட் துகள்கள் சுவரில் தங்கிவிடும். போகும் தண்ணீர் நீரிழப்பு. சுவரில் படியும் சக்கை ஃபில்டர் கேக்.

இதை லாஸ்ட் சர்க்குலேஷனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். வெடிப்புக்குள்ளோ குகை போன்ற பள்ளத்துக்குள்ளோ ஸ்லரி முழுசாக, துகளும் தண்ணீருமாக, ஓடிப்போவது லாஸ்ட் சர்க்குலேஷன். அதற்கு மருந்து வேறு: நார், செதில், ஸ்லரியின் எடையைக் குறைப்பது. நீரிழப்புக்கான பாலிமரை எவ்வளவு போட்டாலும் வெடிப்பு அடைபடாது. ரிக்கில் "லாஸ் இருக்கு" என்று யாராவது சொன்னால், எந்த லாஸ் என்று கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

தண்ணீர் போனால் என்ன கெட்டுப்போகிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்ணெய்க் கிணறுகளில் அதிகம் பயன்படும் கிளாஸ் ஜி சிமெண்டுக்கு அதன் எடையில் 44 சதவீதம் தண்ணீர். அதாவது 50 கிலோ சிமெண்டுக்கு 22 லிட்டர். சிமெண்டின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 3.15. இரண்டையும் கலந்தால் சுமார் 38 லிட்டர் ஸ்லரி கிடைக்கும், அடர்த்தி 1.90. இதிலிருந்து 5 லிட்டர் தண்ணீர் பாறைக்குள் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 33 லிட்டர். அடர்த்தி 2.04 ஆகிவிடும். லேபில் பார்த்துப் பார்த்து வடிவமைத்த ஸ்லரி வேறு, கிணற்றுக்குள் இப்போது நிற்கும் ஸ்லரி வேறு.

அடர்த்தி ஏறினால் கீழே அழுத்தம் ஏறும். பலவீனமான அடுக்கு இருந்தால் உடையும். கூழ் கெட்டியாகி பம்ப் அழுத்தம் எகிறும். திக்கனிங் டைம், அதாவது பம்ப் செய்ய முடியாத அளவுக்கு ஸ்லரி இறுகும்வரை கிடைக்கும் நேரம், லேபில் வந்ததைவிடக் குறையும். இறுகுவதற்குத் தேவையான தண்ணீரே சில இடங்களில் இல்லாமல் போகலாம். வெளியேறும் தண்ணீரும் சும்மா போவதில்லை. அதன் பிஎச் 12க்கு மேல், கால்சியமும் கரைந்திருக்கும். எண்ணெய் தரவேண்டிய பாறையில் களிமண் இருந்தால் அதைக் கெடுத்து வைக்கும்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை எரிவாயு. ஸ்லரி கூழாக இருக்கும்வரை மேலிருந்து கீழ்வரை தன் எடையால் அழுத்தம் கொடுத்து வாயுவை உள்ளே விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். பம்பை நிறுத்திய பிறகு அது மெதுவாக ஜெல் ஆகும். ஜெல் ஆகும்போது தன் எடையைக் கேசிங்கின் மீதும் பாறைச் சுவரின் மீதும் சாய்த்துவிடும். இன்னும் கல்லாகவும் ஆகியிருக்காது, கூழைப்போல அழுத்தத்தைக் கீழே கடத்தவும் செய்யாது. அந்த இடைவேளையில் கொஞ்சம் தண்ணீர் பாறைக்குள் போனாலே போதும். போன இடத்தை நிரப்ப மேலிருந்து ஸ்லரி இறங்கி வராது. உள்ளே அழுத்தம் சட்டென்று சரியும். பாறையின் வாயு அழுத்தத்துக்குக் கீழே அது வந்துவிட்டால் வாயு சிமெண்டுக்குள் நுழைந்து, தனக்கென்று ஒரு வழி அமைத்துக்கொள்ளும். பிறகு அந்த வழியை அடைப்பது மிகவும் கடினம்.

இதே ஆபத்து இன்னொரு விதமாகவும் வரும். ஊடுருவுதிறன் அதிகமுள்ள ஒரு மணற்பாறைக்கு எதிரே கேக் தடித்துத் தடித்து ஆனுலஸையே அடைத்துவிட்டால், அதற்கு மேலேயுள்ள ஸ்லரியின் எடை கீழே போகாது. அடைப்புக்குக் கீழே வாயு அடுக்கு இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதல் படி: கிணற்றைப் பற்றிக் கேளுங்கள்

கலக்க ஆரம்பிப்பதற்கு முன் ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள். துளையின் விட்டம், கேசிங்கின் விட்டம், ஆழம். கீழே ஸ்லரி ஓடும்போது இருக்கும் வெப்பநிலை, நின்றபிறகு இருக்கும் வெப்பநிலை. இவை இரண்டும் வேறு வேறு. நீரிழப்பு டெஸ்ட்டுக்கு முதலாவது வேண்டும், இறுகிய சிமெண்டின் வலிமைக்கு இரண்டாவது வேண்டும். எந்த ஆழத்தில் மணற்பாறை, எந்த ஆழத்தில் களிப்பாறை. வாயு அடுக்கு உண்டா. ஸ்லரியின் அழுத்தத்துக்கும் பாறை அழுத்தத்துக்கும் எவ்வளவு வித்தியாசம். கலக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அதில் உப்பு எவ்வளவு. துளையிடும்போது பயன்படுத்திய மட் (சேறு போன்ற திரவம்) எப்படிப்பட்ட கேக்கை விட்டிருக்கிறது.

கடைசிக் கேள்வியைப் புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அது ஏன் முக்கியம் என்பது அடுத்த படியில் புரியும்.

இரண்டாம் படி: எவ்வளவு வேண்டும் என்று முடிவுசெய்யுங்கள்

லேப் டெஸ்ட்டில் (ஐந்தாம் படி) வடியும் தண்ணீருக்குத் துறையில் பலரும் பின்பற்றும் வரம்புகள் ஏறக்குறைய இப்படி இருக்கும். மேல்மட்டக் கேசிங்குக்குப் பெரும்பாலும் கட்டுப்பாடே வைப்பதில்லை. நடுக்கேசிங்குக்கு 30 நிமிடத்தில் 200 முதல் 300 மி.லி. உற்பத்திக் கேசிங்குக்கு 100க்குள். லைனர் (மேலே வரை வராமல் முந்தைய கேசிங்கின் அடியில் தொங்கும் குழாய்), கிடைமட்டக் கிணறு, வாயு ஏறும் அபாயம் உள்ள அடுக்கு என்றால் 50க்குள். எதுவும் சேர்க்காத வெறும் சிமெண்டுக்கு இது 1000ஐத் தாண்டும்.

இந்த எண்களை அப்படியே மனப்பாடம் செய்வதற்கு முன் ஒரு கணக்கு. 8.5 அங்குலத் துளையில் 7 அங்குலக் கேசிங். ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஆனுலஸில் நிற்கும் ஸ்லரி சுமார் 11.8 லிட்டர். அதில் தண்ணீர் மட்டும் ஏறத்தாழ 6.8 லிட்டர். அதே ஒரு மீட்டரில் பாறைச் சுவரின் பரப்பு 0.68 சதுர மீட்டர், சதுர அங்குலத்தில் சொன்னால் 1050. நீரிழப்பு எண் குறிப்பது 7 சதுர அங்குலத்தைச் சற்றுத் தாண்டிய பரப்பில் வடியும் தண்ணீரை. அப்படியானால் 50 மி.லி. என்ற "நல்ல" எண்ணையே அந்தச் சுவருக்குப் பெருக்கிப் பார்த்தால், அரைமணி நேரத்தில் ஒரு மீட்டருக்கு 7.4 லிட்டர் போக வேண்டும். இருக்கும் தண்ணீரே 6.8 லிட்டர்தான்!

கிணற்றில் அப்படி நடப்பதில்லை. லேபில் ஸ்லரிக்கு எதிரே இருப்பது வெறும் கம்பிவலை, அழுத்த வித்தியாசம் 1000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அலகு). கிணற்றில் அழுத்த வித்தியாசம் பெரும்பாலும் இதைவிடக் குறைவு. அதைவிட முக்கியமாக, பாறைச் சுவரில் ஏற்கெனவே மட் கேக் படிந்திருக்கிறது. அது மெல்லியதாகவும் இறுக்கமாகவும் இருந்தால் சிமெண்டின் தண்ணீரைப் பெருமளவு அதுவே தடுத்துவிடும். ஆகவே லேபின் எண்ணை ஒரு ஸ்லரியை இன்னொரு ஸ்லரியோடு ஒப்பிடும் அளவுகோலாக எடுத்துக்கொள்ளுங்கள். கிணற்றில் இத்தனை லிட்டர் போகும் என்ற ஜோசியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. சிமெண்ட் பாறையோடு நன்றாக ஒட்டவேண்டும் என்பதற்காக மட் கேக்கை ஸ்பேசரால் (சிமெண்டுக்கு முன்னால் அனுப்பும் திரவத்தால்) கழுவுகிறோம், கேசிங்கைச் சுற்றுகிறோம், ஸ்கிராட்சர் போட்டுச் சுரண்டுகிறோம். கேக் எவ்வளவு சுத்தமாகப் போகிறதோ அவ்வளவு பாறை திறந்துகொள்கிறது, நீரிழப்பு கூடுகிறது. சுரண்டும் வேலை திட்டத்தில் இருந்தால் ஸ்லரியின் எண்ணைக் கொஞ்சம் இறுக்கிப் பிடியுங்கள். களிப்பாறை மட்டுமே உள்ள இடத்தில் 50க்காகப் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்வோம். மட் இன்ஜினியரின் அறிக்கையில் நீரிழப்பு 5 மி.லி. என்று இருக்கும். உங்கள் ஸ்லரிக்கு 50. மட் பத்து மடங்கு மேல் என்று அர்த்தமில்லை. மட்டுக்கான சாதாரண ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) டெஸ்ட் 100 பிஎஸ்ஐயில், காகித வடிகட்டியில், அறை வெப்பத்தில் நடக்கிறது. சிமெண்டுக்கு 1000 பிஎஸ்ஐ, கம்பிவலை, கிணற்றின் வெப்பம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசக்கூடாது.

மூன்றாம் படி: அடிட்டிவைத் தேர்ந்தெடுங்கள்

தேர்வை முதலில் வெப்பநிலையும் அடுத்தபடியாக உப்பும் முடிவுசெய்யும். விலை அப்புறம்.

பாலிவினைல் ஆல்கஹால், சுருக்கமாக பிவிஏ. ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸ்வரை உள்ள ஆழம் குறைந்த கிணறுகளுக்கு இது நன்றாக உதவும், சிமெண்ட் இறுகுவதைத் தாமதப்படுத்தாது. ஒரு குறிப்பிட்ட அளவு வரும்வரை ஒன்றுமே செய்யாததுபோல இருக்கும், அந்த அளவைத் தாண்டியதும் எண் சட்டென்று விழும். அதனால் எல்லை அளவிலேயே நிற்காமல் சற்றுக் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள். எல்லையிலேயே நின்றால், ரிக்கில் கலவை சிறிது பிசகினாலும் மொத்தக் கட்டுப்பாடும் போய்விடும்.

ஹைட்ராக்சிஎத்தில் செல்லுலோஸ், எச்இசி. பல காலமாகப் பயன்பாட்டில் இருப்பது, எளிதில் கிடைப்பது. தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், ஸ்லரியைக் கெட்டியாக்கும். குறைந்த வெப்பத்தில் இறுகுவதைத் தாமதப்படுத்தும். ஏறத்தாழ 110 டிகிரிக்கு மேல் இதை நம்பக்கூடாது.

ஏஎம்பிஎஸ் வகைச் செயற்கைப் பாலிமர்கள். ஆழமான, சூடான கிணறுகளுக்கு இப்போது பெரும்பாலும் இவைதான். இவை சிமெண்ட் துகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு கேக்கின் துளைகளை நெருக்குகின்றன. ஒட்டிக்கொள்ள இடம் வேண்டும் அல்லவா, அங்கேதான் பிரச்சினை. ரிடார்டரும் (இறுகுவதைத் தாமதப்படுத்துவது) டிஸ்பெர்சன்ட்டும் (துகள்களைச் சிதறவைப்பது) அதே மேற்பரப்பைத்தான் தேடி வருகின்றன. அவை முந்திக்கொண்டால் ஏஎம்பிஎஸ்ஸுக்கு இடமில்லாமல் நீரிழப்பு ஏறும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யோஹான் பிளாங்க் குழுவினர் இந்தப் போட்டியை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். உங்களுக்கு வேண்டிய பாடம் எளிது: நேற்று 45 வந்த ஸ்லரியில் இன்றைக்கு ரிடார்டரைக் கூட்டியிருந்தால், 45 என்று எழுதாதீர்கள். மறுபடி டெஸ்ட் செய்யுங்கள்.

லேடெக்ஸ். ஸ்டைரீன் பியூட்டடையீன் துகள்கள் தண்ணீரில் மிதக்கும் பால் போன்ற திரவம். துகள்கள் ஒரு மைக்ரானைவிடச் சிறியவை, சிமெண்ட் துகள்களின் இடுக்குகளில் போய் அடைத்துக்கொள்ளும். வாயு அபாயம் உள்ள கிணறுகளில் இதற்கு நல்ல மதிப்பு உண்டு. விலை கூடுதல். உப்போ அதிக வெப்பமோ இருந்தால் ஸ்டெபிலைசர் இல்லாமல் திரிந்துவிடும்.

பெண்டோனைட் களிமண்ணும் ஓரளவு நீரிழப்பைக் குறைக்கும். ஆனால் அது தண்ணீர் நிறையக் கேட்கும், லேசான ஸ்லரிகளுக்கே பொருந்தும்.

பாலிமர்களின் அளவு பொதுவாக சிமெண்டின் எடையில் 0.3 முதல் 1 சதவீதம்வரை. கூடவே கொஞ்சம் டிஸ்பெர்சன்ட் சேர்த்தால் துகள்கள் சிதறி நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும், அதே பாலிமர் இன்னும் நன்றாக வேலை செய்யும். டிஸ்பெர்சன்ட் கூடிப்போனால் துகள்கள் அடியில் படிந்து மேலே தண்ணீர் நிற்கும். உப்புநீர் ஸ்லரி என்றால் எல்லாப் பாலிமர்களும் ஓரளவு பலமிழக்கும், சில அடியோடு பலமிழக்கும். விற்பவரின் கையேட்டில் உள்ள எண் நன்னீரில் எடுத்ததா என்று பாருங்கள்.

நான்காம் படி: கலக்குங்கள்

லேபில் கலப்பதற்கு ரிக்கிலிருந்து வந்த சிமெண்ட், ரிக்கிலிருந்து வந்த தண்ணீர், வேலைக்குப் போகப்போகும் அதே பேட்ச் அடிட்டிவ். இந்த மூன்றில் ஒன்று மாறினாலும் முடிவு மாறும். லேபின் குழாய்த் தண்ணீரில் எடுத்த எண் முதற்கட்டத் தேர்வுக்குப் போதும், வேலைக்கு அனுமதி கொடுக்கப் போதாது.

600 மி.லி. கிளாஸ் ஜி ஸ்லரிக்கு 792 கிராம் சிமெண்ட், 349 கிராம் தண்ணீர். திரவ அடிட்டிவ் சேர்த்தால் அதில் உள்ள தண்ணீரைக் கழித்துவிடுங்கள். தண்ணீரில் முதலில் டிஃபோமர். இல்லையென்றால் நுரை கட்டி அடர்த்தி பொய்யாக வரும். பாலிமரைத் தண்ணீரில் கரைப்பதாக இருந்தால் மெதுவாகத் தூவுங்கள், ஒரேயடியாகக் கொட்டினால் வெளியே ஊறி உள்ளே காய்ந்த கட்டிகளாக நிற்கும். உலர்கலவை என்றால் சிமெண்டோடு நன்றாகக் கலந்துகொள்ளுங்கள். பிளெண்டரில் நிமிடத்துக்கு 4000 சுற்று வேகத்தில் 15 விநாடிக்குள் சிமெண்டைப் போட்டு முடித்து, மூடி, 12000 சுற்றில் 35 விநாடி. இந்த வேகமும் நேரமும் ஏபிஐ முறையில் நிர்ணயித்தவை. கூட்டினாலோ குறைத்தாலோ வேறொரு ஸ்லரிதான் கிடைக்கும்.

கலந்ததை அப்படியே டெஸ்ட் செய்யக்கூடாது. கிணற்றில் அது கீழே போகும்வரை சூடாகிக்கொண்டே போகும் அல்லவா, அதற்கு ஈடாகக் கன்சிஸ்டோமீட்டரில் (ஸ்லரியைச் சூடாக்கிச் சுழற்றும் கருவி) 150 சுற்று வேகத்தில், கிணற்றின் வெப்பத்தில் கண்டிஷன் செய்யவேண்டும். கண்டிஷன் செய்யாமல் குளிர்ந்த ஸ்லரியில் எடுத்த நீரிழப்பு எண்ணுக்கு மதிப்பில்லை.

ஐந்தாம் படி: டெஸ்ட்

ஃபில்டர் செல்லை முன்பே டெஸ்ட் வெப்பத்துக்குச் சூடாக்கி வையுங்கள். அடியில் 325 மெஷ் (ஓர் அங்குலத்துக்கு 325 கண்ணி) ஸ்க்ரீன், அதைத் தாங்க 60 மெஷ். ஸ்லரியை ஊற்றும்போது விரிவடைய மேலே இடம் விடுங்கள். மூடி, நைட்ரஜனில் 1000 பிஎஸ்ஐ கொடுத்து, கீழ் வால்வைத் திறந்து கடிகாரத்தை ஓட விடுங்கள். வெப்பம் 88 டிகிரியைத் தாண்டினால் வெளிவரும் தண்ணீர் ஆவியாகிவிடும். அப்போது பின்னழுத்தக் கலனோ கண்டென்சரோ கட்டாயம் வேண்டும்.

அரை நிமிடத்திலிருந்து ஆரம்பித்து இடையிடையே அளவைக் குறியுங்கள். கடைசி எண்ணை மட்டும் குறிப்பதோடு நிறுத்தாதீர்கள். நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிராக வடிந்த அளவை வரைந்தால், முதல் சில விநாடிகளைத் தவிர மீதி நேர்கோடாக வரவேண்டும். கோடு நடுவில் திடீரென்று படுத்துவிட்டால் அடிக்குழாய் அடைத்திருக்கலாம். உங்கள் அழகான 20 மி.லி. அந்த அடைப்பு கொடுத்த பரிசாக இருக்கலாம்.

சாதாரணச் செல்லின் வடிகட்டும் பரப்பு 3.5 சதுர அங்குலம். 30 நிமிடம் தாங்கினால் வந்த அளவை இரண்டால் பெருக்கவேண்டும்; முன்பு சொன்ன 7 சதுர அங்குலக் கணக்கு இதனால்தான். 24 மி.லி. வந்தால் எண் 48. இந்த இரண்டால் பெருக்குவதை மறப்பவர்கள் உண்டு, அறிக்கையில் எந்த எண் என்று தெளிவாக எழுதுங்கள்.

30 நிமிடத்துக்கு முன்பே தண்ணீரெல்லாம் போய் நைட்ரஜன் சீறிக்கொண்டு வந்தால், அதுவரை வந்த அளவை 10.954ஆல் பெருக்கி, நிமிடங்களின் வர்க்கமூலத்தால் வகுக்கவேண்டும். 16 நிமிடத்தில் 45 மி.லி.யோடு சீறியது என்றால்: 10.954 × 45 ÷ 4 = 123. இது கணக்கிட்ட எண் என்று அறிக்கையில் குறிப்பிடுங்கள்.

செல்லைத் திறப்பதில் அவசரம் கூடவே கூடாது. முதலில் ஆறவிடுங்கள். மேல் வால்வையும் கீழ் வால்வையும் திறந்து அழுத்தம் போய்விட்டதா என்று பாருங்கள். வால்வுத்தண்டில் சிமெண்ட் அடைத்துக்கொண்டு, வெளியே சுழி காட்டி உள்ளே 1000 பிஎஸ்ஐ நிற்கலாம். சந்தேகம் இருந்தால் மூடியைத் தொடவே தொடாதீர்கள், லேபில் மூத்தவரைக் கூப்பிடுங்கள். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் செல் அருகே போகாதீர்கள். சிமெண்ட் ஸ்லரி தோலைச் சுடும் காரம்.

திறந்ததும் கேக்கைப் பாருங்கள். மெல்லிய, உறுதியான கேக்கும் அதன் மேல் இன்னும் ஓடும் ஸ்லரியும் இருந்தால் நல்லது. முழுவதும் கெட்டியாகிவிட்டிருந்தால் தண்ணீர் எல்லாம் போயிருக்கிறது, அல்லது டெஸ்ட் நடக்கும்போதே இறுக ஆரம்பித்திருக்கிறது. 250 மி.லி. உருளையில் 2 மணி நேரம் வைத்து, மேலே பிரிந்து நிற்கும் தண்ணீரைப் பார்க்கும் ஃப்ரீ ஃப்ளூயிட் டெஸ்ட்டையும் அன்றைக்கே செய்துவிடுங்கள். துகள் படியும் ஸ்லரியில் எடுத்த நீரிழப்பு எண்ணை நான் ஏற்கமாட்டேன்.

ஆறாம் படி: எண் கூடிப்போனால்

உடனே அடிட்டிவைக் கூட்டாதீர்கள். முதலில் வெப்பநிலை சரியா, ஸ்க்ரீன் கிழியாமல் இருக்கிறதா, அடர்த்தி சரியா, அடிட்டிவ் காலாவதி ஆகாமலும் ஈரம் படாமலும் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரி என்றால் பாலிமரை 0.1 சதவீதமாகக் கூட்டுங்கள். ஸ்லரி ரொம்பக் கெட்டியாகிறது என்றால் பாலிமரை அங்கேயே நிறுத்தி டிஸ்பெர்சன்ட்டைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் அந்த வெப்பத்துக்கோ உப்புக்கோ அந்த வகையே பொருந்தவில்லை; வகையை மாற்றுங்கள்.

தண்ணீரைக் கூட்டி ஸ்லரியை இளக்குவது மட்டும் வேண்டாம். துகள்களுக்கு நடுவே இடைவெளி கூடி நீரிழப்பு ஏறும், இறுகியபின் வலிமையும் குறையும்.

எதை மாற்றினாலும் திக்கனிங் டைம், ரியாலஜி (ஓடும் தன்மை), வலிமை எல்லாவற்றையும் மறுபடி பாருங்கள். நீரிழப்பு மட்டும் சரியாக வந்து ஸ்லரி 15 மணி நேரம் இறுகாமல் நின்றால் யாருக்கும் பயனில்லை.

ஏழாம் படி: ரிக்கில்

உலர்கலவையை ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்கு இரண்டு மூன்று முறையாவது மாற்றினால்தான் 0.5 சதவீதம் பாலிமர் எல்லா மூட்டைக்கும் சமமாகப் போகும். மாற்றும்போதே மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்புங்கள். திரவ அடிட்டிவ் டிரம்மைக் கலக்காமல் உறிஞ்சாதீர்கள். கலக்கும் தண்ணீரின் குளோரைடை அன்றைக்கே பாருங்கள், டேங்கர் மாறியிருக்கலாம்.

பம்ப் செய்யும்போது அழுத்த மட் பேலன்ஸில் (ஸ்லரியை மூடி அழுத்தி எடைபோடும் தராசு) அடர்த்தியைப் பார்த்துக்கொண்டே இருங்கள். மூடாத பேலன்ஸில் காற்றுக்குமிழ் ஏமாற்றும். அளவு சிறியதாக இருந்து நீரிழப்பு மிக முக்கியம் என்றால், ஸ்லரி முழுவதையும் பேட்ச் மிக்சரில் முன்பே கலந்து அளந்துவிட்டு அனுப்புவது நல்லது. லைனர் வேலைகளுக்கு இதையே நான் பரிந்துரைப்பேன்.

ஆரம்பித்தபின் தேவையில்லாமல் நிறுத்தாதீர்கள். ஓடும் ஸ்லரி கேக்கின் மேற்பரப்பை அரித்துக்கொண்டே இருக்கும், நின்ற ஸ்லரியில் கேக் தடித்துக்கொண்டே போகும். மணற்பாறைக்கு எதிரே ஸ்லரி நிற்கும்படி பம்ப் நின்றுபோனால், அந்த நேரத்தைக் குறித்துவைத்து மீண்டும் ஓட்டும்போது அழுத்தத்தைக் கவனியுங்கள். பம்ப் வேகம் மாறாமலேயே அழுத்தம் ஏறிக்கொண்டு போனால், எங்கோ தண்ணீர் போய் ஸ்லரி கெட்டியாகிறது என்று சந்தேகப்படுங்கள்.

ஸ்குவீஸ் வேலை: இங்கே கணக்கு வேறு

கேசிங்கில் ஏற்கெனவே இருக்கும் துளைகளை அடைப்பதற்காக அழுத்தத்தோடு ஸ்லரியைத் திணிப்பது ஸ்குவீஸ். இங்கே நீரிழப்பு ஓரளவு வேண்டும். தண்ணீர் வெளியேறினால்தான் துளைக்குள் கேக் வளர்ந்து முடிச்சுப்போல அடைக்கும். எண் மிகக் குறைவாக இருந்தால் கேக் வளர நேரம் பிடிக்கும், அழுத்தம் நிற்காது. மிக அதிகமாக இருந்தால் மேல்துளையிலேயே கேக் பெருத்துக் கேசிங்கின் உள்ளேயே பாலம் கட்டிவிடும், கீழ்த்துளைகளுக்கு ஒன்றும் போகாது. சாதாரண மணற்பாறையில் 50 முதல் 100 மி.லி. நல்ல ஆரம்பம். ஊடுருவுதிறன் மிகக் குறைந்த பாறையில் 200வரை விடலாம். நிறுத்தி நிறுத்திப் பம்ப் செய்யும் ஹெசிடேஷன் முறையில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அழுத்தம் விழும் வேகத்தைக் குறியுங்கள். அது குறைந்துகொண்டே வந்தால் கேக் வளர்கிறது.

வேலை முடிந்ததும் கலவை மாதிரி, தண்ணீர் மாதிரி இரண்டையும் தேதியும் கிணற்று எண்ணும் எழுதி மூடி வையுங்கள். லேபில் வரைந்த வடிகட்டல் கோட்டையும், பம்ப் அழுத்தப் பதிவையும், பம்ப் நின்ற நேரங்களையும் ஒரே கோப்பில் சேருங்கள். சிமெண்ட் பாண்ட் லாக் (சிமெண்ட் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று காட்டும் பதிவு) ஓட்டி முடிவு வரும்வரை எதையும் தூக்கிப் போடாதீர்கள். லாகில் ஒரு மணற்பாறைக்கு எதிரே ஒட்டுதல் சரியில்லை என்று வந்தால், முதலில் அந்தக் கோப்பை எடுத்து அந்த ஆழத்தில் ஸ்லரி எவ்வளவு நேரம் நின்றது என்று பாருங்கள்.